பின்னால் இஞ்சின் வைத்த கோச்சி

இலங்கை மலைநாட்டு அட்டனில் நாங்கள் ரயிலைக் கோச்சி என்போம். 1972இல் குன்னூர்ப் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல் என் வாயில் வந்ததும் வகுப்பே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு பல நாள் நான் ரயில் பற்றியே பேசவில்லை.

1964 ஒப்பந்தத்தில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தார்கள். அதில் எங்கள் வீட்டு ஐந்து பேரும் அடக்கம். தலைமன்னாரில் கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் வண்டி மாறி மாறி மேட்டுப்பாளையம். தாத்தா பிறந்த நாடுதான். ஆனால் எங்களில் யாரும் அதற்கு முன் கால் வைத்ததில்லை.

மலை ரயிலைப் பார்த்ததும் தம்பி அழ ஆரம்பித்தான். "இஞ்சினே இல்லப்பா இந்தக் கோச்சிக்கு!" அப்பாவுக்கும் விளங்கவில்லை. பெட்டியின் முகப்பில் கொடியோடு நின்ற பிரேக்காரர்தான் சொல்லித் தந்தார். ஏறும்போது இஞ்சின் பின்னால் இருந்து தள்ளும். இணைப்பு அறுந்தாலும் பெட்டி உருண்டு கீழே போகாது. கல்லார் தாண்டியதும் சத்தம் மாறியது. தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை; இஞ்சினின் பல் சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறுகிறது. 12 அடிக்கு 1 அடி ஏற்றம். எங்கள் மலைநாட்டில் நானுஓயா பக்கம்கூட இப்படி ஒரு ஏற்றம் கிடையாது. ஹில்குரோவில் இஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்தார்கள். அம்மா இறங்கி, பாறையில் வழிந்த தண்ணீரைக் கையில் ஏந்தித் தம்பி முகத்தைத் துடைத்துவிட்டார்.

பாதை குன்னூர் வந்து சேர்ந்தது 1899இல். அங்கிருந்து ஊட்டி போக இன்னும் ஒன்பது வருஷம். 1908இல் அப்படி நீண்டபோதுதான் வழியில் இருந்த வெலிங்டனுக்கும் ரயில் கிடைத்தது. அது பட்டாளத்து ஊர். பிரிவினையில் குவெட்டாவிலிருந்த ராணுவக் கல்லூரி இரண்டாகி, இந்தியப் பங்கு இங்கே வந்து உட்கார்ந்தது. எல்லை தாண்டி வந்த கல்லூரி என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்த ஊர் மேல் தனிப் பாசம்.

தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு 1968இல் தேயிலைத் திட்டம் தொடங்கியிருந்தது. அப்பாவுக்கு அதில் வேலை. கொழுந்து பறிக்கவும் செடியைக் கவ்வாத்து வெட்டவும் தெரிந்த கை. ஆனால் பேர் பதிவதற்கு எத்தனையோ நாள் நடக்க வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் "சிலோன்காரங்களா, அடுத்த வாரம் வாங்க" என்பார் ஒருவர். அந்தக் குரல் இன்னும் எனக்கு வலிக்கிறது.

முதல் சம்பளத்தில் அப்பா அரிசி வாங்கினார், அம்மாவுக்கு ஒரு கம்பளி வாங்கினார். மீதியில் குன்னூரிலிருந்து வெலிங்டனுக்கு ஐந்து டிக்கெட். ஒரே ஒரு ஸ்டேஷன். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் வந்துவிட்டது. இறங்கினோம். இஞ்சின் அரவங்காட்டுப் பக்கம் திரும்பி மறையும் வரை அம்மா பிளாட்பாரத்தை விட்டு அசையவில்லை.

"நம்ம கோச்சி மாதிரியே கூவுதுங்க" என்றார் அப்பாவிடம்.

திரும்ப டிக்கெட்டுக்குக் காசில்லை. ரோட்டோரமாக நடந்தே வந்தோம், தம்பி அப்பாவின் தோளில்.