மாட்டுக் கொட்டகை வீடான கதை

பாபநாசத்தை அடுத்த குடமுருட்டிக் கரைக் கிராமம் ஒன்றில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. அதன் கொல்லையில் நின்ற மாட்டுக் கொட்டகையைத் தனி வீடாக மாற்றி விற்றுவிடலாம் என்ற யோசனை, கடைசிப் பசுவை மேலத்தெருக்காரருக்கு விற்றுவிட்டுக் கயிறும் கையுமாகத் திரும்பிய அன்று மாலையே எனக்கு உதித்தது. 36 அடி நீளம், 14 அடி அகலம், செங்கல் சுவர், நாட்டு ஓடு, ஆறு மரத்தூண்கள். கொல்லைக்குப் பின்புறம் தெரு இருந்ததால் வழிப்பாதைத் தகராறுக்கும் இடமில்லை. ஒரு கதவு, இரண்டு ஜன்னல், ஓர் அடுப்படி, ஒரு கழிவறை ஆகியவற்றைச் சேர்த்தால் வீடு தயார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தவன் கொத்தனார் அல்லன் என்பதை இங்கே நினைவூட்டிவிடுகிறேன்.

முதலில் வந்தது அளவுக் குழப்பம். தாத்தா காலத்து மூலப்பத்திரத்தில் கொட்டகையும் அதைச் சார்ந்த மனையும் 10 குழி என்று எழுதியிருந்தது. உட்பிரிவுக்கு மனுச் செய்து, நில அளவர் வந்து சங்கிலி பிடித்தபோது அதுவே 134 சதுர மீட்டர் ஆயிற்று. தரகர் அதை மூன்றேகால் சென்ட்டுக்குச் சற்று மேல் என்றார். சென்னையிலிருந்து விசாரித்தவர்களோ சதுர அடியைத் தவிர வேறு எதையும் காதில் போட்டுக்கொள்ள மறுத்தார்கள். எல்லாம் ஒரே இடம்தான் என்பதை எனக்கே நான் காகிதத்தில் போட்டுப் பார்த்து நிச்சயித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்ற தஞ்சாவூர்க் கணக்கைத் தூக்கத்திலும் ஒப்பிக்கக்கூடிய என் சித்தப்பா, திண்ணையிலிருந்து எழாமலேயே தீர்ப்புச் சொன்னார்: “குழியில சொன்னா பத்து, அடியில சொன்னா ஆயிரத்து நானூத்தி நாப்பது. இதுக்குத்தான்டா பட்டணத்துக்காரன் அடியில விக்கிறான்!” அன்றிலிருந்து நானும் அடியிலேயே பேசத் தொடங்கினேன்.

பூச்சு வேலையை, சிக்கனம் கருதி, மலிவாகப் பேசி முடித்தேன். பழைய பூச்சின் மேலேயே சிமென்ட் பூசி, வெள்ளை அடித்து, வாங்க வருகிறவர்களுக்குக் காட்டத் தயாராக இருந்தபோது, ஐப்பசி மழையின் முதல் வாரத்தில் சுவர் வேர்த்தது. கையை வைத்தால் ஈரம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை, கோலமாவைத் தூவியதுபோல் வெள்ளைப் பூ. அதற்கும் நாலு நாள் கழித்துப் பூச்சு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. இம்முறை ஊரின் மூத்த கொத்தனாரையே அழைத்துவந்தேன். அவர் சுவரிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, நெடுநேரம் யோசித்தபின், “வெடியுப்பு சார்” என்றார்.

மூன்று தலைமுறை மாடுகளின் கோமியம் மண்ணிலும் செங்கல்லிலும் ஊறி உப்பாகியிருக்கிறது என்றும், அந்த உப்பு மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் இழுத்துக் குடிக்கும் என்றும், அதன்மேல் சிமென்ட்டை எத்தனை முறை பூசினாலும் தள்ளிவிடும் என்றும் அவர் விளக்கினார். அந்தக் காலத்தில் வெடிமருந்துக்கான உப்பையே மாட்டுக் கொட்டகை மண்ணிலிருந்துதான் காய்ச்சி எடுத்தார்கள் என்று சொல்லி, தீபாவளிக்கு நான் பட்டாசு வாங்கிச் செலவழித்ததற்காக வருத்தமும் தெரிவித்தார். பிறகு பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்து, தரையை ஓரடி ஆழத்துக்குத் தோண்டி மண்ணை வெளியேற்றி, மணல் நிரப்பி, சுவரைக் கழுவிக் கழுவிக் காயவைத்து, அரித்த செங்கற்களை மாற்றிச் சுண்ணாம்புக் கலவை பூசினார். தை பிறந்த பிறகுதான் சுவர் காய்ந்தது. அதற்குள் என் கையிருப்பும் காய்ந்துவிட்டது. தோண்டிய மண்ணைச் சித்தப்பா தம் தென்னைகளுக்குப் போட்டுக்கொண்டார்; இந்த முயற்சியில் இலாபம் பார்த்த முதல் மனிதர் அவர்தான்.

தனி மின் இணைப்பும் வீட்டு வரி எண்ணும் வந்தன. அவற்றுக்காக நான் நடந்த நடையைச் சொன்னால் செருப்புக் கடைக்காரர் மட்டுமே மகிழ்வார். வாங்க முன்வந்தவர், ஓய்வுபெற்றுச் சொந்த மண்ணுக்குத் திரும்பியவர். இல்லாளின் பெயரில்தான் எழுத வேண்டும் என்று அவர் உருகிச் சொன்னபோது எங்கள் வீட்டுப் பெண்கள் நெகிழ்ந்துவிட்டார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்றும், பெண்கள் பெயருக்கான ஒரு சதவீதச் சலுகை 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரைதான் என்றும், இது அதைத் தாண்டுகிறது என்றும் பத்திர எழுத்தர் சொன்னதும், கணவர் பெயரும் பத்திரத்தில் ஏறிக்கொண்டது.

கிரகப்பிரவேசத்துக்குப் பசு வேண்டும் என்று அவர் என்னிடமே கேட்டார். அக்கம்பக்கத்தில் அந்த நேரத்தில் கிடைத்தது ஒரே ஒரு பசு: மேலத்தெருக்காரருக்கு நான் விற்ற எங்கள் லட்சுமி. மற்ற வீடுகளில் பசுவை வாசற்படி ஏற்ற நாலு பேர் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். லட்சுமியோ, இழுத்த கயிற்றையும் முந்திக்கொண்டு, மஞ்சள் குங்குமத்தோடு உள்ளே நுழைந்து, கூடத்தைக் கடந்து, தன் பழைய கட்டுத்தறி இருந்த மூலைக்கு, அதாவது புது அடுப்படிக்கு நேராகச் சென்று, சுவரோரமாகத் திரும்பி நின்றாள். மகாலட்சுமியே தேடி வந்து நிற்கிறாள் என்று வாங்கியவர் கைகூப்பினார். அந்த நொடியில் அவள் வாலைத் தூக்கினாள். உத்தமமான சகுனம் என்று சாஸ்திரிகள் மகிழ்ந்தார். பந்தியை எதிர்பார்த்து வாசலில் நின்றிருந்த கொத்தனார் மட்டும், சுவரில் வழிந்து இறங்கிய கோமியத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.