மேற்கை அமுக்கினால் கிழக்கே போகும் கிரேன்

ஃபவுண்டரியில் 5 டன் கிரேனுக்கு ரிமோட் மாட்டும் நாளில் ஷெட்டே அண்ணாந்துதான் நிற்கும். கொதிக்கும் லேடிலுக்கு (உருக்கிய உலோக வாளிக்கு) பக்கத்திலேயே பென்டன்ட்டை, அதாவது கிரேனிலிருந்து கேபிளில் தொங்கும் பட்டன் பெட்டியை, பிடித்துக்கொண்டு இத்தனை காலம் நடந்த ஆபரேட்டர் புது மாப்பிள்ளை மாதிரி இருப்பார். பெட்டியைப் பிரித்ததும் ஹெல்ப்பர் கேட்பது ஒன்றே ஒன்று: "ஏனுங்ணா, இதுல டிவி மாத்தலாமா?"

ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரை மாட்ட மேலே ஏறுகிறவருக்குச் சிரிப்பு வராது. ஒற்றை வேகக் கிரேன் என்றால் 11 வயர்: சப்ளைக்கு 2, மெயின் கான்டாக்டருக்கு (மொத்தக் கரன்ட்டையும் வெட்டும் பெரிய சுவிட்சுக்கு) 2, அசைவுகளுக்குப் பொதுவாக 1, மேலே-கீழே, கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு என்று ஆறு திசைக்கு 6. எல்லாவற்றுக்கும் நம்பர் ஃபெரூல் (வயர் நுனியில் மாட்டும் எண் வளையம்) போட்டே ஆகவேண்டும். நாளைக்கு வருகிறவனும் மனுஷன்தான். மழைத்தண்ணீர் படக்கூடாது என்று ரிசீவரை இரும்புப் பேனலுக்குள் வைத்து மூடுகிற புத்திசாலிகள் உண்டு. 433 மெகாஹெர்ட்ஸ் அலைக்குக் கால் அலைநீள ஆன்டெனா சுமார் 17 செ.மீ. அது வெளியே, கர்டரில் (கிரேனின் இரும்பு உத்தரத்தில்) உரசாமல், மோட்டார் கேபிளை விட்டுத் தள்ளி நிற்கவேண்டும். இரும்புப் பெட்டிக்குள் போட்டால் ரேஞ்ச் பத்தடிதான். அதற்குப் பழைய பென்டன்ட்டே தேவலாம்.

கான்டாக்டரை இழுக்கும் காயில் (கம்பிச்சுருள்) ஒவ்வொன்றுக்கும் குறுக்கே, திடீர் மின் எகிறலை அடக்கும் ஆர்.சி. சப்ரஸர் போடச் சொன்னால், "அது எதுக்குங்க தண்டச் செலவு?" என்பார்கள். காயில் விடுபடும்போது வரும் ஸ்பைக்கில் ரிசீவரின் ரிலே (உள்ளே இருக்கும் குட்டி சுவிட்ச்) முனை கருகி ஒட்டிக்கொள்ளும். பட்டனை விட்டாலும் கிரேன் போய்க்கொண்டே இருக்கும். அப்போது காப்பாற்றுவது சிவப்பு பட்டன், அதுவும் மெயின் வயர் இரண்டும் ரிலே வழியாகப் போயிருந்தால்! அவசரத்துக்கு அந்த இரண்டையும் ரிலேக்குப் போகாமல் நேரடியாக இணைத்து, லூப் அடித்து வைத்திருந்தால் சிவப்பு பட்டன் வெறும் பொம்மை.

டெஸ்டிங்கை ஹூக்கில் சுமை இல்லாமல், ஹூக்கைப் பாதி உயரத்தில் நிறுத்தித் தொடங்கவேண்டும். மேற்கை அமுக்கினால் கிழக்கே போகிறது. உடனே ஒருவர் ரிமோட்டின் திசை ஸ்டிக்கரை நகத்தால் உரிக்க ஆரம்பிப்பார். அவர் கையைத் தட்டிவிட்டு மற்ற அசைவுகளையும் பாருங்கள். ஒன்று மட்டும் தலைகீழ் என்றால் ரிசீவர் வயர் மாறியிருக்கிறது. மூன்று அசைவுமே தலைகீழ், பென்டன்ட்டிலும் அப்படித்தான் என்றால் சப்ளையில் ஃபேஸ் (மூன்று கரன்ட் வயர்களின் வரிசை) மாறியிருக்கிறது. டிரைவ் (மோட்டாரை ஆளும் எலக்ட்ரானிக் பெட்டி) இல்லாத கான்டாக்டர் கிரேனில் இது விளையாட்டல்ல. 'கீழே' அமுக்கினால் ஹூக் மேலே ஏறும். மேல் லிமிட் சுவிட்ச் வெட்டுவதோ 'மேலே' கான்டாக்டரை. ஹூக் டிரம்மில் போய் முட்டும்வரை யாரும் தடுக்கமாட்டார்கள்.

அடுத்தது, பலர் மறக்கிற பேட்டரி டெஸ்ட். கிரேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரான்ஸ்மிட்டரின் பேட்டரியை உருவவேண்டும். ஓரிரு நொடிக்குள் மேலே 'டக்' என்று மெயின் கான்டாக்டர் விழவேண்டும். சிவப்பு பட்டனை அமுக்கினால் 'நில்' என்று சிக்னல் போகும். சிக்னலே போகாவிட்டாலும் நிற்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி. உருவிய இரண்டு பேட்டரியையும் உடனே திருப்பிப் போடுங்கள். ஆபீஸ் சுவர்க்கடிகாரம் ரொம்ப நாளாகப் பசியோடு இருக்கிறது.

ஸ்பேர் ரிமோட் கதை தனி. அதில் ஏற்றியிருப்பது முதல் கிரேனின் அடையாளக் கோட் நம்பர். ஷெட்டின் அடுத்த பகுதியான இரண்டாம் 'பே'யில் ரிமோட் செத்ததும் ஸ்டோரிலிருந்து இதை எடுத்து வந்து 'மேலே' அமுக்குவார்கள். அசையாது. இன்னும் அழுத்தி அமுக்குவார்கள். பக்கத்து 'பே'யில் முதல் கிரேனின் ஹூக் தன்னால் ஏறும். "பேய்!" அன்று மாலையே எலுமிச்சம்பழம் கட்டியாகிவிடும். ஸ்பேரின் முதுகில் கிரேன் நம்பரைப் பெயின்ட்டில் எழுதியிருந்தால் பழம் மிச்சம்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் வரும் புகாரும் வருஷா வருஷம் அதேதான்: "ரிமோட் ஸ்டார்ட் ஆகலீங்க." சந்தனம் பட்டன் இடுக்கில் காய்ந்து, ஒரு பட்டன் அமுங்கியே கிடக்கும். பட்டன் அமுங்கியிருந்தால் ஸ்டார்ட் ஆகக்கூடாது. ரிமோட் சரியாகத்தான் வேலை செய்கிறது. சர்வீஸ் ஆள் வந்து, ஈரத்துணியால் துடைத்து, விசிட் சார்ஜ் பில்லை நீட்டுவார்.