நீரோடி: தமிழ்நாட்டின் கடைசிக் கடற்கரை

முதலில் அந்த ஆட்டோவைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்கு ஆறாது. கன்னியாகுமரி மாவட்டத் தேங்காப்பட்டணத்தில் ஏறும்போது 250 ரூபாய் என்று பேசியவர், நீரோடியில் இறங்கும்போது 400 கேட்டார். வழியில் டீ குடிக்க நின்ற ஐந்து நிமிடத்துக்கு வெயிட்டிங்காம். தம்பி கோபத்தில் குரலை உயர்த்த, ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்க்க, கடைசியில் 350 கொடுத்து அனுப்பினோம். இரண்டு பேருக்கும் சேர்த்து 1500க்குள் முடிக்க வேண்டும் என்று திருநெல்வேலியிலிருந்து கிளம்பியவர்களுக்கு 100 ரூபாய் பெரிய காசுதான். நேரமிருந்தால் மார்த்தாண்டத்திலிருந்து கொல்லங்கோட்டுக்குப் பஸ்ஸில் வந்துவிடுங்கள், அங்கிருந்து கடல் பக்கம்தான்.

அந்த எரிச்சல் கரையைப் பார்த்ததும் போய்விட்டது. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை என்று ஒட்டி ஒட்டி வரும் மீனவ ஊர்களில் கடைசி நீரோடி. அதைத் தாண்டினால் பொழியூர், கேரளா. போர்டில் எழுத்து மாறுகிறது, மணல் மாறவில்லை. பேச்சும் பாதி தமிழ் பாதி மலையாளம். பல இடங்களில் கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், அங்கே உட்காரக்கூட முடியாது. கல் இல்லாத இடம் தேடிக் கொஞ்சம் நடக்க வேண்டும். நாங்கள் போனது ஜனவரி, அலை அடங்கியிருந்தது. ஆனாலும் இறங்கிக் குளிக்கவில்லை, கரையிலிருந்து நாலு அடியிலேயே ஆழம் இழுக்கிறது.

அங்கேதான் கரமடி வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வள்ளத்தில் போய் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுக்கிறார்கள், இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் நெருங்கி வருகிறது. வேடிக்கை பார்த்த என்னிடம் ஒரு பெரியவர், “சும்மா நிக்காத மக்களே, கயிறப் பிடி” என்றார். பிடித்தேன். உப்புத்தண்ணீர் ஊறிய கயிறு, பத்து நிமிடத்தில் உள்ளங்கை எரிய ஆரம்பித்துவிட்டது. வலையின் மடி கரைக்கு வந்தபோது உள்ளே நெத்திலியும் சாளையும் (மத்தி) வெள்ளிச் சில்லறையைக் கொட்டியதுபோலத் துள்ளின, நடுவில் இரண்டு நண்டு. அவ்வளவு பேர் இழுத்ததற்கு அது ரொம்பக் குறைவு என்று அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பெரியவரிடம் கொஞ்சம் பேசினேன். ஒரே மாவட்டம்தான், ஆனால் விசைப்படகுத் தடைக்காலம் கன்னியாகுமரிக்குக் கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, இந்த மேற்குப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன் பிடிப்பவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது இந்தக் கரையில் திரும்பி வராதவர்கள் நிறைய. அதைச் சொல்லும்போது அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டுத் திண்ணையில் நடத்தும் கடை, போர்டு கிடையாது. மரச்சீனிக்கிழங்கை (மரவள்ளி) மசித்து மயக்கி வைத்திருந்தார்கள், மேலே தேங்காய் அரைத்துவிட்ட சாளைக் குழம்பு. குழம்பில் மாங்காய்த் துண்டு கிடந்தது, புளிப்பு கிழங்கில் இறங்கியபிறகு நான் தலையே நிமிரவில்லை. அந்த அம்மா, “இன்னும் கொஞ்சம் கிழங்கு வைக்கட்டா மக்களே” என்று கேட்டுக்கேட்டு வைத்தார். வயிறு முட்டச் சாப்பிட்டு இருவருக்கும் 160 ரூபாய்தான். கோவளத்தில் போன வருடம் ஒரு மீன் வறுவலுக்கே இதைவிட அதிகம் கொடுத்தோம், அதில் பாதி ருசி இல்லை!

கரையில் கடை இல்லை, கழிப்பறையும் என் கண்ணில் படவில்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். குப்பையைத் திருப்பி எடுத்து வாருங்கள், அது அவர்கள் வலை காயவைக்கும் இடம். சாயங்காலம் கொல்லங்கோட்டில் பஸ் ஏறும்போது கையில் 210 ரூபாய் மிச்சம் இருந்தது. உள்ளங்கை மறுநாள்வரை எரிந்தது.