112 கண்ணி, 112 சொட்டு

மகன் 11-ஆம் வகுப்பில் வாங்கிய விலையில்லா மிதிவண்டி இப்போது என்னிடம் இருக்கிறது. அவன் கோவைக்குப் படிக்கப் போனதிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். காவேரிப்பட்டணத்திலிருந்து கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணை) வரை காலையில் போய் வருவேன். பாதி வழி மாந்தோப்பு ஓரத்து மண் பாதை, அப்புறம் கிரானைட் லாரிகள் போகிற தார்ச்சாலை. செம்மண்ணும் கல் தூளும் கடைசியில் வந்து உட்காருவது செயினில்தான். கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் சாதாரண எஃகைவிடக் கடினம். அது எண்ணெயில் குழைந்துவிட்டால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போலத்தான்.

செயின் 'கிறீச்' என்று கத்த ஆரம்பித்தது. முதல் தடவை நான் எண்ணெய் விட்டது தப்பாகப் போயிற்று. பைக்கிலிருந்து வடித்து வைத்திருந்த பழைய இன்ஜின் ஆயிலைச் செயின் மேல் தாராளமாக ஊற்றினேன். இரண்டு நாள் சத்தமே இல்லை. ஐந்தாம் நாள் செயின் முழுக்கத் தார் பூசியது போல ஆகிவிட்டது. ஒரு வாரத்தில் பழைய 'கிறீச்' திரும்பி வந்தது. சைக்கிள் கடை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் ஒரு முறை தொட்டுப் பார்த்தார்.

"ஊத்தினது சரிப்பா, தொடச்சியா?"

"எதுக்குண்ணா தொடைக்கணும்?"

பதில் சொல்லாமல் ஒரு கண்ணியைப் பிடித்து, நடுவில் இருக்கும் ரோலரை நகத்தால் சுற்றிக் காட்டினார். தேய்மானம் நடப்பது அதற்குள்ளே, கண்ணிகளைக் கோக்கும் பின்னும் (pin) தகடும் சேருமிடத்தில். எண்ணெய் அங்கே போக வேண்டும். வெளித்தகட்டில் நிற்கும் எண்ணெய் துருவைக் கொஞ்சம் தடுக்கும், ஆனால் ரோட்டுத் தூசியை எல்லாம் இழுத்துக்கொள்ளும். வடித்த ஆயிலும் வேண்டாம், அதில் ஏற்கெனவே கரியும் இரும்புத் துகளும் கலந்திருக்கும் என்றார். தையல் மெஷின் எண்ணெய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிறு செயினைக் கழற்றினேன். முதலில் செயின் லாக்கைத் தேட வேண்டும். மீன் வடிவில் ஒரு சின்னக் கிளிப் இருக்கும், அதைக் குறடால் நெம்பினால் வந்துவிடும். கழற்றுவதற்கு முன் அது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

வாய் அகன்ற பழைய பாட்டிலில் செயினைப் போட்டு, அது மூழ்கும் அளவு மண்ணெண்ணெய் ஊற்றி மூடிக் குலுக்கினேன். வாசலில் வைத்துத்தான் செய்தேன், அடுப்பு இருக்கும் பக்கமே கொண்டுபோகவில்லை. முதல் தண்ணி கடுங்காப்பி நிறம். இரண்டாவது டீ. மூன்றாவதில்தான் பாட்டிலின் மறுபக்கம் தெரிந்தது. இடையிடையே பழைய பல் பிரஷால் ரோலர் ரோலராகத் தேய்த்தேன். கழுவிய செயினைக் காதோரம் வைத்து வளைத்தால் 'நறநற' என்று கேட்கக் கூடாது. கேட்டால் இன்னொரு தடவை கழுவ வேண்டும். அழுக்கு மண்ணெண்ணெயைச் சாக்கடையில் கொட்டவில்லை. மறுநாள் பார்த்தால் பாட்டிலின் அடியில் செம்மண் ஒரு படலமாகப் படிந்திருந்தது. அதோடு வெயிலில் மினுக்கும் பொடிப் பொடித் துகள்கள். இத்தனையும் அந்தச் சின்ன இடுக்குகளுக்குள் இருந்தவை. தெளிந்ததை அடுத்த தடவைக்கு வடித்து வைத்திருக்கிறேன்.

செயினை வெயிலில் அரை நாள் காயப் போட்டேன். மண்ணெண்ணெய் உள்ளே தங்கினால் புது எண்ணெயை நீர்த்துப்போகச் செய்துவிடும்.

காய்ந்ததும் ஸ்கேல் வைத்து அளந்தேன். செயினை நேராக இழுத்துப் பிடித்தால் ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தாண்டிய பின்னின் நடு வரை சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு கண்ணி அரை அங்குலம். என்னுடையது அதைவிட அரைக்கால் (1/8) அங்குலத்தில் பாதி கூட நீளவில்லை. அரைக்கால் நீண்டிருந்தால் மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் பல்சக்கரத்தையும் பின்சக்கரத்தில் இருக்கும் ஃப்ரீவீலையும் சேர்த்துத் தின்றுவிடும்.

செயினை மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் வரிசையில் வைத்துப் பார்த்தால் அது முன்பக்கம். பின்சக்கரத்தை இழுத்து, நடுவில் அரை அங்குலம் ஆடுகிற அளவுக்கு இறுக்கினேன். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தால் ஓரிடத்தில் இறுகும். அந்த இடத்தில் வைத்து அளப்பதுதான் சரி.

பிறகு எண்ணெய். ரோலருக்கு ஒரு சொட்டு, மொத்தம் 112 சொட்டு. செயின் லாக்கில் தொடங்கி அங்கேயே முடித்தால் கணக்குத் தவறாது. இந்த அரை மணி நேரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சொட்டு விழுந்ததும் ரோலரின் இரண்டு பக்கமும் மெல்ல உள்ளே இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. பெடலைப் பின்பக்கமாக முப்பது சுற்று சுற்றிவிட்டு இரவு அப்படியே விட்டேன். காலையில் பனியன் துணியால், விரல் பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் போகாமல் பிடித்துக்கொண்டு, துணியில் கறை வராத வரை துடைத்தேன்.

26 நாள் ஆகிறது. நடுவில் ஒரு மழை. அன்று மட்டும் துடைத்துக் காயவைத்து மறுபடி எண்ணெய் விட்டேன். அணை ஏற்றத்தில் மிதிக்கும்போது டயர் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. ஆனால் மிதிக்காமல் விட்டு இறங்கும்போது ஃப்ரீவீலின் 'டிக் டிக்' ஒரே சீராக இல்லை. அதைக் கழற்ற என்னிடம் கருவி இல்லை, சனிக்கிழமை அண்ணன் கடைக்குக் கொண்டுபோகிறேன்.