மூன்று குவளைகளும் ஒரு வெள்ளை வேனும்

ஜூன் 1, 2025, ஞாயிறு, தருமபுரி

இந்த மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு அலெக்சாண்டர் மக்கால் ஸ்மித்தின் 'நம்பர் 1 லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி'. 1998-ல் வந்த நாவல். ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில், தலைநகர் கபரோனேயில் நடக்கிற சிரிப்பும் துப்பறிதலும். ஆங்கிலத்தில் படிக்கிறோம், தமிழில் பேசுகிறோம்.

மொத்தம் 22 அத்தியாயம். நான்கு ஞாயிறுக்கு 1–5, 6–12, 13–17, 18–22 என்று பிரித்தாயிற்று. எண்ணிக்கை பார்த்துப் பிரிக்கவில்லை. ஐந்தாவதில் ஏஜென்சி திறந்து வேலை சூடு பிடிக்கிறது, ஆறாவதில் ஒரு சிறுவன் காணாமல் போகிறான். ஐந்தில் நிறுத்தினால்தான் அடுத்த வாரம் ஆள் வரும்.

ஏ4 தாளை நான்காகக் கிழித்துத் துப்புச் சீட்டு செய்தோம். வழக்கு எது, கதையில் துப்பறிகிற ராமோட்ஸ்வே அம்மா எதைக் கவனித்தார், நம் ஊகம் என்ன: மூன்றே வரி. மடித்து டப்பாவில் போட்டுவிட்டு, வழக்கு முடிகிற ஞாயிறு பிரிக்க வேண்டும். வழக்குக்கு ஒரு சீட்டு என்பது முக்கியம். புத்தகத்துக்கு ஒரு சீட்டு என்று வைத்தால் இந்த நாவலில் செல்லாது, ஒரே குற்றவாளியைத் தேடுகிற கதை இல்லை இது. பக்க எண்ணும் எழுதக் கூடாது. பாதிப் பேர் போனில் படிக்கிறார்கள், எழுத்தின் அளவைக் கூட்டினால் பக்கம் மாறிவிடும். அத்தியாய எண்ணும் பத்தியின் முதல் மூன்று சொல்லும் போதும்.

பொருளடக்கத்தை யாரும் முன்கூட்டிப் பார்க்க வேண்டாம். 17-ஆம் அத்தியாயத்தின் தலைப்பே ஒரு துப்பு.

ஜூன் 8, ஞாயிறு

பதினொரு பேர் வந்தார்கள். உட்கார்ந்ததுமே கல்லூரிப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, கொலை எப்ப வரும்?"

கேட்பது நியாயம். அட்டையில் துப்பறியும் நிறுவனம் என்று போட்டிருக்கிறது, உள்ளே போனால் ஒரு டீபாட், மூன்று குவளை, இரண்டு மேசை, ஒரு பழைய தட்டச்சு இயந்திரம், ஒரு குட்டி வெள்ளை வேன். குவளை ஒன்று ராமோட்ஸ்வே அம்மாவுக்கு, ஒன்று உதவியாளருக்கு, ஒன்று வழக்கு கொண்டுவருகிறவருக்கு. அந்த மூன்றாவது குவளையில்தான் இவருடைய தொழில் முறை இருக்கிறது. வந்தவரை உட்காரவைத்து, டீ கொடுத்து, பேசவிட்டுக் கேட்பார்.

முதல் வழக்கை இருவர் மாறி மாறி வாய்விட்டு வாசித்தார்கள். பல வருடம் கழித்து "நான்தான் உன் அப்பா" என்று ஒருவர் வந்து மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். நிஜ அப்பாதானா என்பது மகளின் சந்தேகம். ராமோட்ஸ்வே நர்ஸ் உடுப்பில் போய், "உங்கள் மகளுக்கு விபத்து, உங்கள் ரத்தம் வேண்டும், நிறைய வேண்டும், எடுத்தால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள்" என்கிறார். அவ்வளவுதான், ஆள் உண்மையைக் கக்கிவிடுகிறார். கூடமே சிரித்தது. சிரித்து முடித்த பிறகுதான் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதன் கட்டுமானத்தைச் சொன்னார்: இங்கே தடயம் என்று எதுவுமே இல்லை, பெற்றவன் என்றால் என்ன செய்வான் என்ற ஊரறிந்த நம்பிக்கைதான் பொறி. சிரிப்பும் துப்பும் ஒரே வரியில் இருக்கின்றன. வேகமாகப் படித்தால் இரண்டுமே தவறிப்போகும். வாசிக்கிறவர் அந்த "நிறைய" என்ற இடத்தில் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும்.

நான்கு பேர் இரண்டாம் அத்தியாயத்தில் தேங்கிவிட்டார்கள். ராமோட்ஸ்வேயின் அப்பா ஒபெட் தன் குரலிலேயே பேசுகிற பகுதி அது: தென்னாப்பிரிக்கச் சுரங்கம், நுரையீரலில் படிந்த தூசு, ஊரில் அவர் சேர்த்த மாடுகள். "கதை நின்னுபோச்சு" என்றார்கள். தாண்டிப் போகலாமா என்று கேட்டதற்கு வட்டத்தின் பதில், கூடவே கூடாது. அந்த மாடுகளை விற்ற காசில்தான் நிறுவனமே எழும்புகிறது. பென்னாகரம் பக்கத்திலிருந்து வருகிற ஒருவர் ஆலம்பாடி மாடு வளர்த்த குடும்பம். மாட்டைப் பார்த்தே ஆளை எடைபோடும் ஒபெட்டை அவர் ஒரே வாசிப்பில் பிடித்துக்கொண்டார்.

ஜூன் 15, ஞாயிறு

ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆரம்பித்தோம். போட்ஸ்வானாவின் பரப்பு தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்குக்கும் மேல். 2022 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 24 லட்சத்தைத் தொடவில்லை. 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் 15 லட்சம், கிருஷ்ணகிரியில் 18.8 லட்சம். ஆக, நம் இரண்டு மாவட்ட ஜனம் அளவுகூட அந்த நாட்டில் கிடையாது. இது தெரிந்தால் ராமோட்ஸ்வே ஏன் யாரைப் பார்த்தாலும் எந்த ஊர், யார் வீட்டு ஆள் என்று தொடங்குகிறார் என்பது புரியும். இங்கே பாலக்கோட்டு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பாரே, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" அதே கேள்விதான். அங்கே அது விசாரணை முறை.

நாவலில் பெண்ணை 'ம்மா', ஆணை 'ர்ரா' என்று அழைக்கிற விளிகளை எப்படித் தமிழில் சொல்வது என்று அரை மணி நேரம் போனது. திருமதி, திரு என்று போட்டால் அரசாங்கக் கடிதம் மாதிரி ஆகிவிடுகிறது. அம்மா, ஐயா என்பதே சரி, அதிலும் பெயருக்குப் பின்னால்: ராமோட்ஸ்வே அம்மா. மரியாதையும் நெருக்கமும் ஒன்றாக வர நம்மிடம் இருக்கிற சொல் அது.

ஒன்பதாம் அத்தியாயத்தில் சூடு ஏறியது. படேல் என்ற இந்திய வம்சாவளிப் பணக்காரர் தன் 16 வயது மகளைப் பின்தொடரச் சொல்கிறார். பையன் இருக்கிறானா என்று தெரிய வேண்டுமாம். மகளோ, அப்படி ஒரு பையனே இல்லாமல், இருப்பதாகச் சொல்லி மூச்சுவிட இடம் தேடுகிறாள். "இதுல என்ன சிரிப்பு? இது நம்ம வீட்டுப் பிரச்சினை" என்றார் ஒரு அம்மா. பக்கத்திலிருந்த அவர் மகள் எதுவும் சொல்லவில்லை. சீட்டைப் பிரித்தபோது, 'பையன் இல்லை' என்று எழுதியிருந்தவர்கள் மூவர். மூவருமே 20 வயதுக்குள்.

ஜூன் 18, புதன்

ஒருவர் பெங்களூரிலிருந்து ரூய்போஸ் வாங்கிவந்தார். நாவல் முழுக்க ராமோட்ஸ்வே குடிக்கிற சிவப்பு டீ அதுதான். தேயிலைச் செடியோடு அதற்கு உறவில்லை. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப்பில் விளைகிற, அவரை இனத்துப் புதரின் ஊசி இலை. காபின் கிடையாது.

முதல் தடவை நம் டீ மாதிரி இரண்டு நிமிடத்தில் இறக்கினோம். வெறும் கலர் தண்ணீர். கப்புக்கு ஒரு தேக்கரண்டி போட்டு, கொதித்த நீரில் ஏழு நிமிடம் மூடிவைத்ததும் மண் வாசனையோடு கருஞ்சிவப்பு இறங்கியது. துவர்ப்புச் சத்து குறைவு என்பதால் எவ்வளவு நேரம் விட்டாலும் கசக்காது. அதனால்தான் அந்தம்மா டீபாட்டை நடுவில் வைத்துவிட்டு மணிக்கணக்கில் பேச முடிகிறது. வெல்லம் பொருந்துகிறது, இஞ்சி பொருந்தவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

16-ஆம் அத்தியாயம் இந்த நூலின் உச்சம் என்பது எங்கள் தீர்ப்பு. ஒரு தொழிலாளி வேலையில் விரல் போனதென்று இழப்பீடு கேட்கிறார். விசாரித்தால் அதே விரலுக்கு முன்பே வேறு முதலாளிகளிடமும் வாங்கியிருக்கிறார். இவ்வளவு கறாரான வேடிக்கைக்கு உடனே பின்னால் 17 வருகிறது, அங்கே கை எலும்பு ஒன்று வேறு பொருளில் வருகிறது. சிரித்த வாயை மூட நேரம் கொடுக்காமல் ஆசிரியர் இதைச் செய்வது தற்செயல் அல்ல. அதனால் 16, 17 இரண்டையும் இடைவேளை விடாமல் வாசித்தோம்.

நாவலில் வருகிற இந்த இருட்டுக்கு நிஜப் பின்னணி உண்டு. ராமோட்ஸ்வேயின் சொந்த ஊர் மொச்சுடி. அதே மொச்சுடியில் 1994-ல் ஒரு பள்ளிச் சிறுமி கொல்லப்பட்டாள். உடலுறுப்பை மாந்திரீகத்துக்கு எடுக்கச் செய்த கொலை என்று ஊரே கொதித்தது, மறு வருடம் மாணவர் போராட்டம் தலைநகர் வரை போனது. நாவல் வந்தது கொலை நடந்து நான்கு வருடம் கழித்து. எழுதியவரும் அந்த நாட்டுக் குற்றவியல் சட்டம் பற்றிய நூலின் இணையாசிரியர், அங்கத்திய பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவர். இதைச் சொன்னதும், "மெல்லிய கதை" என்று போன வாரம் தள்ளிய வக்கீல் ஒருவர் புத்தகத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

எதிர்ப்பும் பதிவாக வேண்டும். அந்த ஆண்டுகளில் எய்ட்ஸ் நோயால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நாடுகளில் போட்ஸ்வானாவும் ஒன்று. அந்தத் துயரம் இந்தப் பக்கங்களில் முகம் காட்டவில்லை என்று ஒரு செவிலியர் சொன்னார். சரியான குறை. யாரும் மறுக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

நாவலை இன்னும் படித்து முடிக்காதவர்கள் இந்தப் பதிவை விட்டுவிடவும்.

20-ஆம் அத்தியாயத்தில் ஒரு டாக்டர், சில நாள் கைராசிக்காரர், சில நாள் ஒன்றும் தெரியாதவர். டப்பாவில் பதினொரு சீட்டு. குடிப்பார் என்று ஐந்து, போதை மாத்திரை என்று மூன்று, மனநோய் என்று இரண்டு. ஒரே ஒரு சீட்டில் 'ரெட்டைப் பிறவி'. அதுதான் விடை: பட்டம் வாங்கியவர் ஒருவர், வேலை பார்ப்பது இருவர். எழுதியவர் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலையில் வேலை செய்பவர், சீசன் நேரத்திலும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். எப்படிப் பிடித்தீர்கள் அண்ணா என்று கேட்டார்கள். "டபுள் ஆக்ட் படம் பார்க்காத ஆளா நாம?" என்றார். கூடவே துப்பையும் காட்டினார்: ஒரே மனிதரின் திறமை கூடிக் குறையலாம், ஆனால் அடிப்படை அறிவே ஒரு நாள் இருந்து மறுநாள் காணாமல் போகாது.

சிறுவன் என்ன ஆனான் என்பதை மட்டும் இங்கேயும் எழுதவில்லை. அது 21-ல் இருக்கிறது. ஆறாம் அத்தியாயத்திலிருந்து நெஞ்சில் கல்லாகக் கிடந்த விஷயத்தை இவ்வளவு சுருக்கமாக முடித்தது போதாது என்று ஆறு பேர், போதும் என்று ஐந்து பேர். கல்லூரிப் பெண் முதல் கட்சி. டீச்சர் இரண்டாம் கட்சி. எட்டரை மணிக்குக் கூடத்தைப் பூட்டியபோதும் இருவரும் படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.