‘அப்பா தவறிட்டார், ஏடிஎம் கார்டு என்கிட்ட இருக்கு’: என் பேங்க் இன்டர்வியூ

“ஒருத்தர் பிரான்ச்சுக்கு வர்றார். விடியக்காலையில அவங்க அப்பா தவறிட்டார். அப்பாவோட ஏடிஎம் கார்டு கையில இருக்கு, பின் நம்பரும் தெரியும். செலவுக்குக் கொஞ்சம் எடுத்துக்கட்டுமான்னு உங்களைக் கேட்கிறார். ஏடிஎம் வாசல்லயே இருக்கு. காதுல விழாத மாதிரி நீங்க திரும்பிக்கிட்டா போதும், அவர் எடுத்துக்குவார். என்ன செய்வீங்க?”

பேங்க் பிஓ (ப்ரொபேஷனரி ஆபீசர்) இன்டர்வியூவில் எனக்குக் கடைசியாக வந்த கேள்வி இது. இடம் அண்ணா சாலையில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். அதுவரை எல்லாமே ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த மேடம் இதை மட்டும் தமிழில் கேட்டார். கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்த வருடம் இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பேங்க் வேலைக்குத் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ்ஸின் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரிலிம்ஸ் வெறும் வடிகட்டி, அந்த மார்க் எங்கும் சேராது. மெயின்ஸுக்கு 80, இன்டர்வியூவுக்கு 20 என்ற விகிதத்தில்தான் கடைசிப் பட்டியல் போடுகிறார்கள். இன்டர்வியூவின் 100 மார்க்கில் பொதுப் பிரிவினர் 40 எடுத்தாக வேண்டும். எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகள் 35. அது வரவில்லை என்றால் மெயின்ஸில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் பயனில்லை. ரெப்போ ரேட், பட்ஜெட், சொந்த ஊர் பற்றியெல்லாம் படித்துவிட்டுப் போகலாம். ‘இப்படி ஒரு நிலைமை, நீங்கள் என்ன செய்வீர்கள்’ என்று தொடங்கும் கேள்விகளைத்தான் எப்படிப் படிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

தி. நகரில் ஒரு ரிட்டையர்டு பேங்க் மேனேஜர் மாக் இன்டர்வியூ நடத்தினார். பெரம்பூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் அடுத்த ரயில் பிடித்து மாம்பலம் போவேன். முதல் நாள் சார் எங்கள் எட்டுப் பேரிடமும் அந்த டிராலி கேள்வியைக் கேட்டார். பிரேக் பிடிக்காத வண்டி, ஒரு தண்டவாளத்தில் ஐந்து பேர், இன்னொன்றில் ஒருவர், யாரைக் காப்பாற்றுவாய்? பிலிப்பா ஃபுட் என்ற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் 1967-இல் எழுதிய கட்டுரையில் வந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நாங்கள் எட்டுப் பேரும் ஒரே குரலில் ஐந்து பேரை என்றோம்.

“சரி. கவுண்டர்ல உட்கார்ந்திருக்கும்போது இப்படி ஒரு நிலைமை வருமா?” என்று கேட்டார் சார். யாரும் வாய் திறக்கவில்லை. “தண்டவாளத்துல நிக்கிற ஆள்கிட்ட ஒரு வார்த்தை பேச முடியாது. கவுண்டருக்கு வர்ற ஆள்கிட்ட பேசலாம். அதை நீங்க யாருமே செய்யறதில்ல.”

அது எனக்கு உடனே உறைக்கவில்லை. அடுத்த இரண்டு வாரமும் எதைக் கேட்டாலும் “ரூல்ஸ்படி நடப்பேன் சார்” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “கேள்வியில இருக்கிற ஆளை நீ நிமிர்ந்துகூடப் பார்க்கலையேம்மா” என்றார். அன்று மாம்பலத்தில் மூன்று ரயிலை விட்டுவிட்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு படிக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு கேள்வியிலும் நான் ‘முடியாது’ என்று சொன்னால் யாருக்கு என்ன ஆகும், அவருக்கு வேறு எந்த வழி திறந்திருக்கிறது என்று தேடி நோட்டில் எழுதினேன். தேடத் தேட, வழிகள் நிறையவே இருந்தன. படுக்கையில் கிடக்கிற பென்ஷன்தாரரால் பணம் எடுக்கக் கைநாட்டு வைக்க முடியாவிட்டால், ஏதாவது ஒரு குறி போதும்; இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அவர்களில் ஒருவர் பேங்க் அதிகாரியாக இருக்க வேண்டும். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே போய்ச் சேவை தரச் சொல்லி ரிசர்வ் வங்கி 2017-இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. இதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. எங்கள் ஆயாவுக்கு ரயில்வே ஃபேமிலி பென்ஷன். தாத்தா பெரம்பூர் லோகோவில் வேலை பார்த்தவர். 2019 நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுப்பதற்காக ஆயாவை நானும் அப்பாவும் தூக்கி ஆட்டோவில் வைத்துக் கூட்டிப்போனோம். வழியெல்லாம் “அய்யோ இடுப்பு, அய்யோ இடுப்பு” என்று அரற்றிக்கொண்டே வந்தார். வீட்டுக்கே வருவார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

இன்டர்வியூ அன்று முதல் கேள்வி பாஸ்வேர்டு. மேனேஜர் அவசரமாக வெளியே போகிறார், தன் ஐடி, பாஸ்வேர்டைக் கொடுத்து ஒரு என்ட்ரியை பாஸ் பண்ணச் சொல்கிறார். செய்ய மாட்டேன் என்றேன். ஒருவர் போடுவதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் மேக்கர், செக்கர் என்று இரண்டு பேரை வைத்திருக்கிறார்கள். “கஸ்டமரோட பொண்ணுக்கு இன்னைக்குத்தான் ஃபீஸ் கட்டக் கடைசி நாள். அந்தப் பொண்ணுக்கு சீட் போகட்டுமா?” என்று மடக்கினார்கள். பிரான்ச்சில் பாஸ் பண்ணும் அதிகாரம் உள்ள வேறு யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்பேன் என்றேன். அவருக்கு மொபைல் பேங்கிங் இருந்தால் அதிலேயே அனுப்ப உதவுவேன், பணம் அனுப்பும் நெஃப்ட் வசதி 2019 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் ஓடுகிறது என்றும் சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

இரண்டாவது கேள்வி கஷ்டமானது. இருபது வருடக் கஸ்டமர், பிரான்ச்சுக்கே வேண்டியவர். ஒரே மாதத்தில் நான்கு தடவை, 10 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக ரொக்கமாகப் பணம் கட்டுகிறார். அரசுக்கு ரிப்போர்ட் போகும் என்று அவரிடம் சொல்வீர்களா? ஒன்றோடொன்று தொடர்புடைய ரொக்கப் பரிவர்த்தனைகள் ஒரு மாதத்தில் 10 லட்சத்தைத் தாண்டினால், தனித்தனியாகச் சிறியதாக இருந்தாலும் அறிக்கை போக வேண்டும். சந்தேக அறிக்கை அனுப்பினால் அதைச் சம்பந்தப்பட்டவரிடம் மூச்சுவிடக் கூடாது. அதனால், சொல்ல மாட்டேன் என்றேன். “நாளைக்கு அவர் நேர்மையானவர்னு தெரிஞ்சா?” என்றார் நடுவில் இருந்தவர். “எனக்கு மனசு உறுத்தும் சார். அப்பவும் சொல்லியிருக்கக் கூடாதுன்னுதான் நினைப்பேன்” என்றேன். இங்கே மூன்றாவது வழி கிடையாது. தேடிப்பிடித்து ஒன்றைச் சொல்லியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். வழி இருக்கிற கேள்விக்கும் இல்லாத கேள்விக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள் என்பது என் கணிப்பு.

அப்புறம் அந்தக் கேள்வி.

எங்கள் ஆயா ஒரு சனிக்கிழமை காலையில் இறந்தார். ஏடிஎம் பின் நம்பர் ரேஷன் கார்டு உறையின் பின்பக்கம் நீல பால்பாயிண்டில் எழுதியிருந்தது, எழுதிக் கொடுத்ததே நான்தான். ஃப்ரீசர் பெட்டி, பந்தல், மாலை, மேளம் என்று பணம் தேவைப்பட்டது. அப்பாவிடம் இல்லை. சித்தப்பா உறையோடு கார்டை எடுத்துக்கொண்டு போய் முதலில் 10,000, சாயந்திரம் இன்னொரு 10,000 எடுத்துவந்தார். அதில் ஒரு ரூபாயும் அவர் தனக்கென்று எடுத்திருக்க மாட்டார். ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தை, “அம்மா கணக்குல எவ்ளோ எடுத்தே? சீட்டு எங்கே?” என்று கேட்டார். சீட்டு இல்லை. என்னையே சந்தேகப்படுகிறாயா என்று சித்தப்பா எழுந்து போனவர்தான். இன்றுவரை இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. என் தங்கை கல்யாணத்தில்கூட ஒருவர் வந்து போன பிறகுதான் இன்னொருவர் மண்டபத்துக்குள் வந்தார்.

மேடம் கேட்டபோது இதெல்லாம் ஒன்றாக வந்து கண் முன்னால் நின்றது.

“முதல்ல அவரை உட்கார வெச்சு, கணக்கு யார் பேர்ல இருக்குன்னு பார்ப்பேன் மேடம்” என்றேன். “அம்மாவோட சேர்ந்த ஜாயின்ட் அக்கவுன்ட்டா இருந்து, யார் வேணும்னாலும் எடுக்கலாம், ஒருத்தர் இறந்தா மத்தவர் எடுக்கலாம்னு போட்டிருந்தா, அம்மா எடுத்துக்கலாம். அப்பா பேர்ல மட்டும் இருந்தா, இறந்துட்டார்னு தெரிஞ்ச பிறகு அந்தக் கார்டை நிறுத்தித்தான் ஆகணும். நாமினி இருந்தா இறப்புச் சான்றிதழோட க்ளெய்ம் கொடுக்கச் சொல்வேன். பேப்பர் எல்லாம் சரியா இருந்தா 15 நாளைக்குள்ள முடிக்கணும்னு இருக்கு. மாநகராட்சி மயானத்துல தகனத்துக்குக் கட்டணம் இல்லைன்னு சொல்வேன். அரசு ஆஸ்பத்திரியில இறந்திருந்தா 155377-க்குக் கூப்பிட்டா அமரர் ஊர்தி இலவசமா வரும்.”

“இவ்வளவும் சொல்லிட்டீங்க. அவருக்கு இன்னைக்குப் பணம் வேணும். காது கேட்காத மாதிரி இருந்திருந்தா கிடைச்சிருக்கும். நீங்க கார்டை நிறுத்திட்டீங்க.”

“ஆமா மேடம். என்னைத் திட்டிட்டுத்தான் போவார். அந்தக் கோபம் நியாயம்தான்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததை மறைத்துக்கொண்டு இந்தப் பதிலைச் சொன்னது எனக்கே ஒப்பவில்லை. சொல்லிவிட்டேன். ரேஷன் கார்டு உறை, இரண்டு 10,000, அத்தை கேட்ட சீட்டு எல்லாவற்றையும். ஐந்து பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

“அப்போ உங்க சித்தப்பா செஞ்சது தப்பா?” என்று மேடம் கேட்டார்.

“தப்புதான் மேடம். அவர் கெட்டவர்னு சொல்ல மாட்டேன். அந்தப் பணம் அவர், அப்பா, அத்தை மூணு பேருக்கும் சேர்ந்தது. யாராவது அன்னைக்கு அந்தக் கார்டை நிறுத்தியிருந்தா எங்க அப்பா வட்டிக்கு வாங்கியிருப்பார், அது அடைஞ்சிருக்கும். இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்ததை இன்னும் எங்களால அடைக்க முடியல.”

மேடம் எதுவும் சொல்லவில்லை. நடுவில் இருந்தவர் நன்றி சொல்லி அனுப்பினார். வெளியே வந்து வெகுநேரம் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். வீட்டு விஷயத்தை அங்கே கொட்டியிருக்கக் கூடாதோ என்று இரண்டு மாதம் தூக்கம் வரவில்லை. ஏப்ரலில் பட்டியலில் என் நம்பர் இருந்தது.

சொந்தக் கதை சொன்னால் மார்க் கிடைக்கும் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு எவ்வளவு போட்டார்கள், எதற்குப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நடக்காததை நடந்ததாகச் சொன்னால், அடுத்து வரும் இரண்டு கேள்வியில் அகப்பட்டுக்கொள்வீர்கள். பதிலை மாற்றச் சொல்லி அழுத்துவார்கள். அவர்கள் புதிதாக ஒரு விவரம் சொன்னால் மாற்றலாம், குரலை மட்டும் உயர்த்தினால் மாற்றக் கூடாது. இவ்வளவுதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

வேலையில் சேர்ந்த ஏழாவது மாதம் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், சட்டையைத் தப்புப் பட்டனில் போட்டிருந்தார். அப்பாவின் பாஸ்புக்கையும் கார்டையும் கவுண்டரில் வைத்து, மேடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். தனிக் கணக்கு. நாமினி அவர்தான். அண்ணா சாலையில் நான் சொன்னதையெல்லாம் அதே வரிசையில் சொன்னேன். மேனேஜரிடம் சொல்லிக் கார்டை நிறுத்தினேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “உங்க வீட்டுல சாவே விழாதாம்மா?” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மூன்று வாரம் கழித்து மொட்டையில் முடி அரும்பிய தலையோடு இறப்புச் சான்றிதழ் கொண்டுவந்தார். க்ளெய்ம் ஃபார்மில் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறி வைத்துக் கொடுத்தேன். நாமினி என்பதால் பணம் அவர் கைக்கு வரும், ஆனால் அது வாரிசுகள் எல்லாருக்கும் சேர்ந்தது என்று சொன்னேன். “தெரியும், தங்கச்சி ஒருத்தி இருக்கா” என்றார். அந்த வாரக் கடைசியில் பணம் அவர் கணக்கில் ஏறியது. அன்றைக்குச் செலவுக்கு யாரிடம் கடன் வாங்கினார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.