ஸ்கிரிட் குன்றும் செம்மண் சேறும்: நான்காவது நடை

குழுவோடு குன்றேறப் போன முந்தைய மூன்று நடைகளிலும் ஒரே தவறைத்தான் செய்தேன். முதல் அரை மணி நேரம் எல்லாருக்கும் முன்னால் ஏறுவது, பிறகு வழியோரக் கல்லில் உட்கார்ந்து இரைப்பது. ஆகவே இந்த முறை ஒரே தீர்மானம்: கடைசி ஆளாக நடப்பது.

ஏப்ரல் கடைசி ஞாயிறு. தென்கிழக்கு வேல்ஸில் அபெர்கவெனி ஊருக்கு அருகிலுள்ள ஸ்கிரிட் குன்று. உயரம் 486 மீட்டர். 2,000 அடியை, அதாவது 610 மீட்டரைத் தொட்டால்தான் மலை என்று இங்கே ஒரு கணக்கு உண்டு. அதன்படி இது வெறும் குன்று. என் முழங்கால்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

மொத்தம் பதினொரு பேர். மழையும் இல்லை, தூறலும் இல்லை. காற்றிலேயே தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. வழிநடத்திய அம்மையாருக்கு எழுபதை நெருங்கும் வயது. தலைகளை எண்ணினார். ஆடுகள் குட்டி போட்டிருக்கும் காலம் என்பதால் நாய்களைக் கயிற்றில் பிடிக்கச் சொன்னார். பிறகு, "புறப்படும்போது குளிர வேண்டும். குளிரவில்லையென்றால் அதிகம் உடுத்தியிருக்கிறீர்கள்" என்றார். எனக்குக் குளிரவே இல்லை. இருந்தும் கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை.

அடிவாரக் காட்டில் புளூபெல் பூக்கள் விரிந்திருந்தன. காட்டுப்பூண்டு இலைகளை யாரோ மிதித்ததில், ரசம் கொதிக்கும் அடுப்படி போல் வழியெல்லாம் மணத்தது. இருபதே நிமிடத்தில் உள்ளே தொப்பலாக நனைந்துவிட்டேன். மழைச்சட்டை ஒழுகுகிறது என்று முணுமுணுத்தபோது, பின்னால் வந்தவர் என் தோளைக் காட்டினார். அவர் சட்டையில் நீர் மணிமணியாக உருண்டு விழுந்தது. என் சட்டையிலோ துணி ஊறிக் கறுத்திருந்தது. சாதாரண சலவைத்தூளில் துவைத்தேனா என்று கேட்டார். ஆமாம், இரண்டு முறை. தூளின் மிச்சம் துணியில் தங்கி நீரை இழுத்துக்கொள்ளுமாம். வெளித்துணி ஊறிவிட்டால் வியர்வைக்கு வெளியேற வழியில்லை. ஆக, என்னை நனைத்தது மழை அல்ல, நான்தான்.

தீர்மானம் மட்டும் பலித்தது. மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகவில்லை. வழியில் ஒரு முறைகூட உட்காரவில்லை. கடைசியில் நடப்பவருக்குத்தான் பார்க்க நேரம் கிடைக்கிறது: ஒரு தாய் ஆட்டின் விலாவில் நீலச் சாயத்தில் 47, அதன் மடியை முட்டிய இரண்டு குட்டிகளின் மீதும் அதே 47.

முகட்டில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அம்மையார் திசைகாட்டியை என் கையில் கொடுத்தார். இரண்டு பக்கமும் சரிவு, நடுவே ஒரே பாதை. தொலைந்துபோக முடியாத இடத்தில்தான் பழக வேண்டும் என்றார். வரைபடத்தை விரித்து, முள்ளைப் பொருத்தி, திசையைச் சரியாகச் சொன்னேன். மூன்றாவது முயற்சியில்.

உச்சியில் தூய மிக்கேல் சிற்றாலயம் இருந்த இடம். இப்போது மிஞ்சியிருப்பவை வாசலின் இரண்டு கற்களும் புல் மூடிய ஒரு பள்ளமும்தான். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த 17-ஆம் நூற்றாண்டில் இங்கே மறைவாகக் கூடியிருக்கிறார்கள். இந்த ஈரத்திலுமா என்று நினைத்துக்கொண்டே பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினேன். குன்றின் மேற்குப் பக்கம் பிளந்து சரிந்து கிடப்பது பனியுகத்து நிலச்சரிவால். ஊர்க்கதையோ இயேசு சிலுவையில் உயிர்விட்ட நேரத்தில் பிளந்தது என்கிறது. அதனால் இந்த மண்ணே புனிதமானது என்று விவசாயிகள் அள்ளிப்போய் வயல்களில் தூவுவார்களாம்.

இறங்கும்போதுதான் அந்த மண்ணோடு எனக்கு நெருக்கம் ஏற்பட்டது. பழைய செம்மணற்கல் பூமி. நனைந்தால் நெய் போல வழுக்கும். ஊன்றுகோலை இறக்கத்துக்கு ஏற்ப நீட்டிக்கொள்ள மறந்து, குனிந்து ஊன்றி, கால் வாரி, இடுப்பு வரை சிவப்பானேன். அம்மையார் திரும்பிப் பார்த்து, மறுபடி பதினொன்று வரை எண்ணிவிட்டு நடந்தார்.

இப்போது காலணிகள் செய்தித்தாள் அடைத்து வாசலில் காய்கின்றன. ஹீட்டர் பக்கம் வைக்கவில்லை. போன மாதம் வைத்துத் தோல் வெடித்தது. அடியிலிருந்து சுரண்டிய புனித மண்ணை ரோஜாத் தொட்டியில் போட்டிருக்கிறேன். மழைச்சட்டைக்கான தனிச் சோப்பு வாங்க வேண்டும்.